திறந்தே கிடக்க வேண்டிய ஒரு கதவு

ஒருவர் இன்னொருவருக்காகத் தன்னையே கொடுக்கும் காட்சி சஸ்பென்ஸ் படத்தில் வந்தால், தியேட்டரில் பாதிப் பேர் கண்ணைத் துடைப்பதற்கு முன்னால் ஓட்டையைத்தான் தேடுவார்கள். "போலீசுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?" "அந்த நெம்புகோலைக் கயிற்றால் கட்டிவிட்டு ஓடியிருக்கலாமே?" பின்வரிசையில் ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அதற்கப்புறம் வயலின் எவ்வளவு அழுதாலும் வேலைக்கு ஆகாது.

சரி, எல்லா ஓட்டையையும் அடைத்துவிடலாம் என்று இறங்கினால் அடுத்த பள்ளத்தில் விழுவோம். எந்த வழியும் இல்லாமல் ஒருவர் சாகிறார் என்றால் அது விபத்து. தியாகம் என்று சொல்ல வேண்டுமானால் தப்பிக்க ஒரு கதவு கடைசி நொடி வரை திறந்தே கிடக்க வேண்டும். போயிருக்கலாம், போனால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் போகவில்லை. மற்ற கதவுகளைப் பூட்டுவது திரைக்கதையின் வேலை. இந்த ஒன்றைச் சாத்துவது மட்டும் பாத்திரத்தின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்ட ஸ்கிரிப்ட்கள்தான் க்ளைமாக்ஸில் படுத்துவிடுகின்றன.

நம் மொழியில் இன்னொரு வழுக்கலும் உண்டு. கடவுள் மேல் வைப்பதும் நம்பிக்கை, கட்டியவள் மேல் வைப்பதும் நம்பிக்கை, நாளைக்கு மழை வரும் என்பதும் நம்பிக்கை. கதையை ஒரே வரியில் சொல்லும் ஒன்லைனில் "நம்பிக்கைக்கும் காதலுக்கும் நடுவில் தவிக்கும் பெண்" என்று எழுதும்போது மூன்றும் கலந்துபோய், என்ன பணயம் என்றே தெரியாமல் போகிறது. 'நம்பிக்கை' என்று எழுதிய இடத்தில் எல்லாம் அதை அடித்துவிட்டு, அந்த ஆள் எதைச் செய்வார், எதைச் செய்யவே மாட்டார் என்று எழுதிப் பாருங்கள். 'செய்யவே மாட்டார்' என்பதுதான் சஸ்பென்ஸுக்குத் தீனி.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'ஐ கன்ஃபெஸ்' (1953) இந்த இடத்தில் நல்ல பாடம். கொலை செய்தவன் பாதிரியாரிடம் பாவமன்னிப்பு கேட்கிறான். சந்தேகம் பாதிரியார் மேலேயே திரும்புகிறது. பாவமன்னிப்பில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, அதனால் அவரால் வாய் திறக்க முடியாது. காகிதத்தில் அருமையான முடிச்சு. ஆனால் பின்னால் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது ஹிட்ச்காக்கே ஒப்புக்கொண்டார்: கத்தோலிக்கர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்கு 'இதற்காக ஒருவன் உயிரைக் கொடுப்பானா' என்றுதான் தோன்றும் என்று. பார்ப்பவர் கடவுளை நம்ப வேண்டியதில்லை. அந்த விதி அந்த ஆளைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதை நம்பியாக வேண்டும். அதை நம்பவைப்பது படத்தின் பொறுப்பு.

உண்மையான மதவிதியை எடுத்தால் அதன் ஓரங்களையும் படித்துவிட்டு எழுத வேண்டும். பாவமன்னிப்பு ரகசியத்தையே எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 983-ஆம் விதி, சொல்லால் மட்டுமல்ல, வேறு எந்த விதத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் அதை வெளியிடக் கூடாது என்கிறது. 984-ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: ரகசியம் வெளியாகும் ஆபத்தே இல்லாவிட்டாலும், கேட்டதை வைத்துக்கொண்டு பாவமன்னிப்பு கேட்டவருக்குப் பாதகமாக நடந்துகொள்ளக் கூடாது. பாதிரியார் கண்ணால் ஜாடை காட்டுவது, மேஜையில் ஒரு துண்டுச் சீட்டை 'மறந்து' வைத்துவிட்டுப் போவது போன்ற சாமர்த்தியக் காட்சிகள் எல்லாம் இதில் அடிபட்டுவிடும். எழுதுகிறவருக்கு இது நஷ்டம் மாதிரித் தெரியும். உண்மையில் இலவசமாகப் பூட்டிக்கொடுத்த நாலு கதவு.

இனி ஒரு கதையைக் கையில் எடுத்துக்கொள்வோம். பொய் சொல்வதில்லை என்று கடவுள் முன் சத்தியம் செய்த ஒருத்தி. கணவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அவள் இருந்தால் போதும். செய்யாத கொலைக்கு அவனைத் தேடுகிறார்கள். பிடிபட்டால் விசாரணை வரைக்கும் கூட உயிரோடு இருக்க மாட்டான். ஒரு ராத்திரி அவன் வீட்டுப் பரணில் ஒளிந்திருக்க, அதிகாரி வாசலில் வந்து நிற்கிறார். அவர் கேட்கப்போவது இவ்வளவுதான்: "அவன் உள்ளே இருக்கானா? நீங்க சொன்னா போதும்மா, நான் உள்ளே வரமாட்டேன்."

உயிரைவிட அவள் பெரிதாக நினைப்பது அந்தச் சத்தியத்தை. அப்படியானால் பலி கொடுக்க வேண்டியது சத்தியம்தான். அவள் தாராளமாக உண்மையைச் சொல்லிவிட்டுச் சத்தியத்தோடு நிற்கலாம். திறந்து கிடக்கும் கதவு அது. சாவைவிட இது எழுதக் கஷ்டம், ஆனால் பலன் அதிகம். க்ளைமாக்ஸில் யாரையாவது சாகடிப்பதுதான் இருப்பதிலேயே மலிவான தியாகம். செத்தவர் மறுநாள் எழுந்து விலை கொடுக்க வேண்டியதில்லையே.

இப்போது கதவுக் கணக்கு. ஒரு வெள்ளைத் தாளில் அவர்கள் இருவரும் தப்பிக்கக்கூடிய அத்தனை வழியையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் அதை மூடியது, ஸ்கிரிப்டின் எத்தனையாவது பக்கத்தில் மூடியது. எட்டுக்குக் குறைவாக வந்தால் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். முக்கியமான கட்டுப்பாடு: எந்தக் கதவையும் அதே காட்சியில் வசனத்தால் மூடக் கூடாது. "போன் லைன் கட் ஆயிடுச்சு!" என்று க்ளைமாக்ஸில் ஒருவர் கத்தினால் அது எழுத்தாளரின் குரல். குறைந்தது 20 பக்கம் முன்னாலேயே, வேறு ஏதோ காரணத்துக்காக வந்த காட்சியில் அது மூடியிருக்க வேண்டும்.

பின்பக்கமாக ஓடலாமே? பின்னால் இரண்டு பேர் டார்ச்சோடு நிற்கிறார்கள், ஒரு ஷாட் போதும். இது சுலபமானது. மௌனமாக நிற்கலாமே? இங்கேதான் கதை தானாகவே உதவுகிறது. பொய்யே சொல்லாதவளின் மௌனம் 'ஆமாம்' என்பதற்குச் சமம். 'இல்லை' என்பது உண்மையாக இருந்தால் அவள் உடனே சொல்லியிருப்பாள், இது அதிகாரிக்கும் தெரியும். மழுப்பலாமே, 'காலையிலிருந்து பார்க்கவில்லை' என்கிற மாதிரி? இந்தக் கதவைப் பலர் திறந்தே போட்டுவிடுவார்கள். இதை மூட 30-ஆம் பக்க வாக்கில் ஒரு காட்சி வேண்டும். அவள் வேலை செய்யும் இடத்தில், கடன்காரர் வந்திருக்கிறார், முதலாளி கொல்லைப்பக்கம் நிற்கிறார். "ஐயா வெளியே இருக்கார்னு சொல்லும்மா, அது பொய்யில்லையே" என்கிறார். அவள் சொல்ல மறுக்கிறாள். வேலை போகிறது. மழுப்பலும் அவளுக்குப் பொய்தான் என்று பார்ப்பவருக்கு ஏறிவிட்டது, அதற்கு அவள் கொடுத்த விலையும் ஏறிவிட்டது.

அதிகாரி ஏன் அவள் சொல்லை நம்பி உள்ளே வராமல் போக வேண்டும்? 50-ஆம் பக்கத்தில், அவள் தன் சொந்தத் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாள், தம்பி சிறைக்குப் போகிறான். அந்தச் சாட்சியைப் பதிவு செய்தவர் இதே அதிகாரி. அவ்வளவுதான், காரணம் சொல்ல வசனமே தேவைப்படாது.

இந்த இரண்டுக்கும் முன்னால், 10-ஆம் பக்கத்துக்குள், செலவில்லாத ஒரு காட்சியும் வேண்டும். தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள் சண்டை வந்தால் அவளிடம் ஓடி வருகிறார்கள். "அக்கா பார்த்தாங்க, அக்கா சொன்னா சரி." சிரித்துக்கொண்டே பார்க்கிற காட்சி. சத்தியத்தை முதல் முறை காட்டும்போது அது யாருக்கும் வலிக்கக் கூடாது. எடுத்த எடுப்பிலேயே கோயில் மணி, கண்ணீர், நேர்த்திக்கடன் என்று ஆரம்பித்தால், இது பின்னால் எதற்கோ வரப்போகிறது என்று மூக்கு வேர்த்துவிடும். முதலில் வேடிக்கை, பிறகு வேலை, பிறகு தம்பி. மூன்று முறை போதும். நாலாவது முறை காட்டினால் அவள் மேல் எரிச்சல் வரும்.

கடைசிக் கதவு கணவன். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். அவனுக்கும் அவள் மேல் உயிர்தானே, இறங்கி வந்து சரணடையலாமே? இதை மூட வேண்டாம், இதையே கடிகாரமாக மாற்றிவிடலாம். உள்ளிருந்து குரல் கொடுத்தால் ஒளித்துவைத்த குற்றம் அவள் தலையில் விழும். அதனால் சத்தமில்லாமல் இறங்கி, பின்வாசல் வழியே வெளியே போய் அங்கே பிடிபட முடிவெடுக்கிறான். பரண் ஏணிக்கு ஏழு படி. அவள் தேர்ந்தெடுக்கவே தேவையில்லாமல் செய்துவிட அவன் இறங்குகிறான். அவனை இறங்கவிடாமல் செய்ய அவளுக்கு ஒரே ஒரு சொல் இருக்கிறது. இப்போது காட்சியில் இரண்டு பேர், யார் முதலில் தன்னைக் கொடுப்பது என்று போட்டி. படிகளை முதல் பாதியிலேயே எண்ணவைத்துவிடுங்கள். அவன் எதையாவது எடுக்கப் பரணேறும்போது மூன்றாவது படி முனகட்டும், "இதை எப்பத்தான் சரி பண்ணுவீங்க" என்று அவள் கேட்கட்டும்.

காட்சிக்குள் போனால் ஒரு பெரிய பொறி காத்திருக்கிறது. அதிகாரி கேள்வியைக் கேட்டதும் அவள் முகத்துக்கு க்ளோஸ்-அப், கடிகாரத்துக்கு ஒரு கட், மறுபடியும் முகம், இன்னும் கொஞ்சம் முகம் என்று 40 வினாடி இழுக்கக் கை துறுதுறுக்கும். இழுத்தால் தொலைந்தோம். அவள் மௌனம் 'ஆமாம்' என்று நாமே முப்பது பக்கம் உழைத்து நிறுவியிருக்கிறோம். 40 வினாடி மௌனத்துக்கு அப்புறம் அதிகாரி கிளம்பிப் போனால் அவர் முட்டாள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே 2 வினாடிக்கு மேல் போகக் கூடாது. இழுவை அத்தனையும் கேள்விக்கு முன்னால். அவர் செருப்பைக் கழற்றுகிறார். தண்ணீர் கேட்கிறார். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் தம்பியைப் பற்றி விசாரிக்கிறார், "ஒழுங்கா இருக்கான், நடத்தை நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க." எந்தக் கேள்வி வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது வருகிற வழிதான் நீளம். இதற்கு மூன்று, மூன்றரைப் பக்கம் ஒதுக்கலாம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்கிற வழக்கமான கணக்கில் அது மூன்றரை நிமிடம். அதற்குள் நாலு படி.

மேஜை மேல் இரண்டு டம்ளர் வைத்து, ஒன்றில் இன்னும் ஆவி பறப்பதைக் காட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். உதவி இயக்குநர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். வேண்டாம். ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு உதாரணம் எல்லோருக்கும் மனப்பாடம்: வெடிக்கப்போவது பார்ப்பவருக்குத் தெரிந்தால் 15 நிமிடம் பதற்றம், தெரியாவிட்டால் 15 வினாடி அதிர்ச்சி. அது 'என்ன நடக்கும்' என்கிற சஸ்பென்ஸுக்குப் பொருந்தும். இங்கே இருப்பது 'என்ன முடிவெடுப்பாள்' என்கிற சஸ்பென்ஸ். ஆவி பறக்கும் டம்ளரை வைத்ததும் எல்லார் கவனமும் அதிகாரி கண்டுபிடிப்பாரா என்பதற்குத் தாவிவிடும். அவளை விட்டுவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிவைப் பற்றிய சஸ்பென்ஸில், அவள் முடிவெடுக்கத் தேவையான எல்லாத் தகவலையும் பார்ப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். முடிவை மட்டும் கொடுக்கக் கூடாது. அதனால் மனக்குரல், கடவுளிடம் முறையிடும் வசனம், முந்தைய ராத்திரியே அவள் தீர்மானித்துவிட்டதைக் காட்டும் ஃப்ளாஷ்பேக் எதுவும் ஆகாது.

நடிப்பவரும் அழக் கூடாது. பதிலுக்கு முன்னால் ஒரு சொட்டு விழுந்தால் பாரம் இறங்கிவிடும். தவிர, அழுதுகொண்டே 'இல்லை' என்பவளை எந்த அதிகாரி நம்புவார்?

அந்த ஒற்றைச் சொல் வரும்போது கேமரா எங்கே இருக்க வேண்டும்? அவள் முகத்தில் என்பதுதான் முதலில் தோன்றும். இருட்டில் ஏணியில் நிற்கிறவன் மேல் வைப்பதுதான் சரி. இதற்காக ஒரு விஷயத்தை முன்கூட்டியே நட்டிருக்க வேண்டும்: அவனுக்கு இடது காது கேட்காது. எங்கே நடந்தாலும் அவள் அவனுக்கு வலப்பக்கம் வந்துவிடுவாள், பேசிக்கொண்டே, யோசிக்காமல். காதலைக் காட்ட இந்த மாதிரி ஒரே ஒரு பழக்கம் போதும், மலைச்சரிவில் பாட்டு தேவையில்லை. ஏணியில் அவன் வலது காதைச் சுவரில் வைத்துக் கேட்டுக்கொண்டே இறங்குகிறான். "இல்லை" என்று கேட்கிறது. முனகும் படிக்கு மேலே கால் அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் காலை 3 முதல் 4 வினாடி வைத்திருக்க வேண்டும். வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 72 முதல் 96 ஃபிரேம். எடிட்டிங் மேஜையில் அது அநியாயத்துக்கு நீளமாகத் தெரியும், 40-ஆவது ஃபிரேமிலேயே வெட்டச் சொல்லிக் கை போகும். வெட்டினால் அவன் பயந்து நின்றான் என்றுதான் தோன்றும். அவள் என்ன செய்துவிட்டாள் என்று அவனுக்கு உறைக்க அந்த நேரம் தேவை. இனி அவன் வெளியே போய்ப் பிடிபட்டாலும் அவள் பொய் வீணாகிவிடும். ஒரே சொல்லில் அவனையும் பூட்டிவிட்டாள்.

இசை அதிகாரியின் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்த பிறகுதான். அதுவரை அறையின் அடிச்சத்தம் மட்டும், அதாவது யாரும் பேசாதபோதும் அறையில் இருக்கும் மெல்லிய சத்தம். அதைப் படப்பிடிப்புத் தளத்திலேயே ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஸ்டூடியோவில் சுத்தமான அமைதியைப் போட்டால் படம் அறுந்துபோன மாதிரி இருக்கும்.

கையால் செய்யும் வேலையில் நம்பிக்கையைக் காட்டுவதற்கு பிரெஞ்சு இயக்குநர் ப்ரெஸ்ஸோனின் 'எ மேன் எஸ்கேப்ட்' (1956) படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். தப்பித்துவிட்டான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. இருந்தும், இரும்புக் கரண்டியைத் தேய்த்துக் கூராக்கி, சிறை அறைக் கதவுப் பலகைகளை அந்தக் கைதி இணைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும்போது மூச்சு முட்டுகிறது. நம் கதையில் ஏணிப்படிகள் செய்வதும் அதையேதான். திரும்பப் பெற முடியாத பலியை ஒரே ஷாட்டில் எடுப்பதற்கு ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'தி சாக்ரிஃபைஸ்' (1986). போர் நின்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்தவன் தன் வீட்டையே கொளுத்துகிறான். முதல் முறை எரித்தபோது கேமரா மக்கர் செய்ததால், வீட்டை மறுபடி கட்டி மறுபடி எரித்தார்கள். வெட்டி ஒட்டித் தப்பித்திருக்கலாம், செய்யவில்லை. எரிவது நிஜம் என்று பார்ப்பவர் உடம்புக்குத் தெரிய வேண்டும் என்றால் வெட்டு இருக்கக் கூடாது.

நம் ரசிகருக்கே உரிய ஒரு தலைவலி பாக்கி இருக்கிறது. 292-ஆம் குறளைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். குற்றமில்லாத நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது. அதனால் அவள் 'இல்லை' என்றதும் நாம் உடனே மன்னித்துவிடுவோம். மன்னித்துவிட்டால் அவள் எதையுமே இழக்கவில்லை, பலி புஸ்வாணம். இதை எப்படிச் சமாளிப்பது? கணவன் வாயிலேயே அந்த வாதத்தை முன்கூட்டி வைத்துவிட வேண்டும். தம்பி விஷயத்தில் அவன் அதைத்தான் சொல்லிக் கெஞ்சுகிறான்: ஒரு உயிருக்கு நல்லது நடக்கும் என்றால் அது பொய்யே இல்லை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் மன்னிக்கும், அவள் கணக்கில் மன்னிப்பு கிடையாது என்பது அங்கே நிலைத்துவிடுகிறது. தம்பிக்குச் சொல்லாத பொய்யைக் கணவனுக்குச் சொன்னாள் என்கிற முள்ளும் கூடவே தைக்கிறது. அந்த முள்ளைப் பிடுங்காமல் விடுங்கள்.

உயிரைக் கொடுக்கும் கதையாகவே வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பல மதங்களில் தற்கொலை பாவம், தியாகம் புண்ணியம். பக்தியுள்ள பாத்திரத்துக்கு இந்தக் கோடு தெரிந்திருக்கும், எழுதுகிறவருக்கும் தெரிய வேண்டும். அந்த ஆளின் கடைசிச் செயல் சாவை நோக்கி இருக்கக் கூடாது, காப்பாற்றப்படுகிறவரை நோக்கி இருக்க வேண்டும். பள்ளத்தில் குதிப்பது வேறு, பிள்ளையை மேலே தள்ளிவிடும்போது கால் சறுக்குவது வேறு.

அதிகாரி போன பிறகு படத்தை முடித்துவிடக் கூடாது. குறைந்தது இரண்டு காட்சி பாக்கி. மறுநாள் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள்: "அக்கா, பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா?" அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளில் ஒருத்தன் "அக்காவுக்கு உடம்பு சரியில்லை போல" என்று சொல்லட்டும், வேறு வசனம் வேண்டாம்.

அப்புறம் ராத்திரி. கணவன் திண்ணையில் இருக்கிறான். அவள் வந்து உட்கார்கிறாள். படம் முழுக்க வலப்பக்கமே வந்தவள் இப்போது இடப்பக்கம் உட்கார்கிறாள். அவள் உதடு அசைகிறது. என்ன சொல்கிறாள் என்பது நமக்கும் கேட்காது, அவனுக்கும் கேட்காது. இதை இருவரின் முதுகுக்குப் பின்னால் கேமராவை வைத்து எடுத்தால் இடம் வலம் குழம்பாது. முன்னாலிருந்து எடுத்தால் திரையில் இடது வலது மாறிவிடும், பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். உதட்டசைவு தெரியும் அளவுக்கு அவள் மட்டும் கொஞ்சம் முகத்தைத் திருப்பினால் போதும். போட்டுக் காட்டும்போது "என்ன சொன்னாள்?" என்று கட்டாயம் கேட்பார்கள், டப்பிங்கில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். அந்த நாளில் அவளுக்கு மைக்கே மாட்டாமல் எடுத்துவிடுவது பாதுகாப்பு.